மகனுக்கு ஓ.சி.டி.யா, மனச்சிதைவா? ஒரு தாயின் கடிதத்துக்கு மனநல மருத்துவரின் பதில்

விருதுநகர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதிய நீண்ட கடிதம் இது. அடையாளம் வெளிப்படாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறோம்.

அவருடைய ஒரே மகனுக்கு வயது 19. கோவையில் விடுதியில் தங்கிப் பொறியியல் இரண்டாம் ஆண்டு படித்துவந்தவர், தீபாவளி விடுமுறைக்கு வந்தபின் கல்லூரிக்குத் திரும்பவில்லை. ஒன்பதாம் வகுப்பிலேயே அடிக்கடி கை கழுவுவதும், எழுதியதை அடித்துவிட்டுத் திரும்ப எழுதுவதும் இருந்திருக்கின்றன. சுத்தமான பிள்ளை, படிப்பில் அக்கறை என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். கல்லூரியில் சேர்ந்தபின் குளியலறைக்குள் போனால் இரண்டு மணி நேரம் ஆயிற்று. முதலில் பார்த்த மருத்துவர் எண்ணச் சுழற்சி நோய், அதாவது ஓ.சி.டி., என்று சொல்லி ஃப்ளூயாக்செட்டின் 20 மில்லிகிராம் கொடுத்தார். மூன்று வாரத்தில் மாற்றம் தெரியவில்லை என்று நிறுத்திவிட்டார்கள். கடந்த நான்கு மாதங்களாக நிலைமை வேறு மாதிரி இருக்கிறது. அறைத்தோழன் தண்ணீர் பாட்டிலில் எதையோ கலந்துவிட்டான் என்கிறார். கைப்பேசியின் கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டிவைத்திருக்கிறார். கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்; உதடுகள் மட்டும் அசைகின்றன. கை கழுவியே தோல் உரிந்தவர், இப்போது பத்து நாள் குளிக்காமல் இருக்கிறார். மதுரையில் பார்த்த இரண்டாவது மருத்துவர், "சைக்கோசிஸின் ஆரம்பமாக இருக்கலாம், உறுதியாகச் சொல்லச் சில மாதங்கள் ஆகும்" என்று கூறி, ஃப்ளூயாக்செட்டினை மீண்டும் தொடங்கி, இரவில் ரிஸ்பெரிடோன் 1 மில்லிகிராமும் சேர்த்திருக்கிறார்.

அந்த ரிஸ்பெரிடோனின் பெயரை இணையத்தில் தேடி, அது மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோய்க்கான மருந்து என்று பார்த்ததிலிருந்து இந்தத் தாய்க்குத் தூக்கமில்லை. அவருடைய கொழுந்தனாருக்கு, 41 வயது, நெடுங்காலமாக மனச்சிதைவு நோய் உண்டு. க்ளோசபின் சாப்பிட்டு நன்றாக இருப்பவர், கடந்த ஓராண்டாக இரவில் எழுந்து எழுந்து காஸ் சிலிண்டரின் குமிழைத் திருகிப் பார்க்கிறாராம். "என் மகனுக்கு ஓ.சி.டி. முற்றி மனச்சிதைவாகிவிட்டதா? கொழுந்தனாருக்கு மனச்சிதைவு முற்றி ஓ.சி.டி. ஆகிறதா? இரண்டும் ஒரே நோய்தானா? நாங்கள் சொந்தத்தில் கல்யாணம் செய்துகொண்டதுதான் காரணமா? மாத்திரையை ரசத்தில் கரைத்துக் கொடுக்கலாமா? உறவினர்கள் சொல்வதுபோல் குணசீலம் கோயிலில் 48 நாள் தங்க வைக்கலாமா? படிப்பை நிறுத்திவிட வேண்டியதுதானா?" என்று கேட்டிருக்கிறார். கடிதத்தின் கடைசி வரி: "முந்தாநாள் ராத்திரி, நான் இல்லாமப் போயிட்டா உங்களுக்கு நிம்மதிம்மா என்றான்."

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசி வரிக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். நோய்க்கு எந்தப் பெயர் என்பது இன்னும் சில மாதங்களில் தெளிவாகலாம். இது அதுவரை காத்திருக்காது. ஓ.சி.டி. அறிகுறிகளும், இல்லாத குரல் கேட்பது, நடக்காததை உறுதியாக நம்புவது போன்ற மனப்பிறழ்வு (சைக்கோசிஸ்) அறிகுறிகளும் சேர்ந்து இருக்கும் இளைஞர்களிடம் மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் கூடுதலாகக் காணப்படுகின்றன. தவிர, 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஃப்ளூயாக்செட்டின் வகை மருந்துகளைத் தொடங்கும்போது, முதல் சில வாரங்கள் இத்தகைய எண்ணங்கள் தலைதூக்குகின்றனவா என்று வீட்டார் கவனிக்க வேண்டும் என்பது மருத்துவ விதி. அதற்காக மருந்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அவர் சொன்ன வாக்கியத்தை மருத்துவரிடம் இன்றே தொலைபேசியில் தெரிவியுங்கள். மகனிடமும் நேராகக் கேளுங்கள்: "சாகணும்னு தோணுதாப்பா? எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கியா?" கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டியதாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஆவதில்லை, கேட்கப்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் பாரம் குறையத்தான் செய்கிறது.

வீட்டின் முன்பகுதியில் உங்கள் கணவர் உரக்கடை நடத்துவதாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். பூச்சிக்கொல்லிகள் இருக்கும் அறைக்குத் தனிப்பூட்டு போட்டு, சாவியைக் கணவர் இடுப்பிலேயே வைத்திருக்கட்டும். மாத்திரைப் பட்டைகள் உங்கள் பொறுப்பில் இருக்கட்டும். கொழுந்தனாரின் க்ளோசபினும் அப்படியே. நள்ளிரவில் கை பிசையும் நிலை வந்தால் 14416 என்ற மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணிலோ, 104 என்ற தமிழக அரசின் எண்ணிலோ தமிழிலேயே பேசலாம். திட்டம் வைத்திருப்பதாக அவர் சொன்னால், யாரையும் கலந்தாலோசித்துக்கொண்டிருக்காமல் அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

இனி, உங்களை உறங்கவிடாத கேள்விக்கு வருகிறேன்.

இரு மருத்துவர்களில் ஒருவர் தவறா?

இல்லை என்றே உங்கள் கடிதத்திலிருந்து எனக்குப் படுகிறது. அவர்கள் உங்கள் மகனை வெவ்வேறு காலத்தில் பார்த்திருக்கிறார்கள். முதல் மருத்துவர் பார்த்தபோது இருந்தது ஓ.சி.டி.தான். இரண்டாவது மருத்துவர் பார்த்தபோது புதிதாக ஏதோ சேர்ந்திருக்கிறது.

நீங்கள் மகனின் பேச்சை அப்படியே எழுதியிருப்பது எனக்குப் பெரிய உதவியாக இருந்தது. போன வருடம் அவர் உங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டது: "அம்மா, நான் அந்தச் சுவரைத் தொட்டேனா? நல்லா பாத்துச் சொல்லு, தொடலைல?" இப்போது சொல்வது: "அவன் பாட்டில்ல கலந்துட்டான். எனக்குத் தெரியும்." முதலாவது கேள்வி, இரண்டாவது அறிவிப்பு. ஓ.சி.டி. உள்ளவர் ஐயத்தில் தவிப்பவர். தன் அச்சம் அபத்தமானது என்று ஒரு மூலையில் அவருக்கே தெரியும். தெரிந்தும் விட முடியவில்லை. அதனால்தான் உங்களிடம் நாற்பது தடவை உறுதி கேட்கிறார். மனச்சிதைவில் வரும் பிறழ் நம்பிக்கையில் ஐயத்துக்கு இடமில்லை. அவர் உறுதி கேட்பதில்லை; நீங்கள் மறுத்தால் நீங்களும் அவனோடு சேர்ந்துவிட்டீர்களோ என்று பார்ப்பார்.

ஆனால் எல்லாரிடமும் இந்தக் கோடு இவ்வளவு நேராக விழுவதில்லை. ஓ.சி.டி. உள்ளவர்களிலேயே ஒரு சிறு பகுதியினர் தம் அச்சம் முழு உண்மை என்றே நம்புகிறார்கள். 2013-இல் வெளியான அமெரிக்க மனநல வகைப்பாட்டின் ஐந்தாம் பதிப்பு, இது நோய் என்ற உணர்வு அறவே இல்லாத ஓ.சி.டி.யையும் ஓ.சி.டி. என்றே வகைப்படுத்துகிறது. ஆகவே உறுதியாக நம்புகிறார் என்ற ஒன்றை மட்டும் வைத்து மனச்சிதைவு என்று முடிவு கட்டிவிட முடியாது. அந்த நம்பிக்கை எதைப் பற்றியது என்று பார்க்க வேண்டும். பாட்டிலில் அழுக்கு பட்டிருக்கும், கிருமி தொற்றிவிடும் என்பது பழைய அச்சத்தின் நீட்சி. தன்னைக் குறிவைத்து ஒருவன் வேண்டுமென்றே விஷம் வைத்தான், கேமரா வழியே கண்காணிக்கிறார்கள் என்பது வேறு வகை. அதில் இன்னொரு மனிதரின் கெட்ட நோக்கம் இருக்கிறது. "எதையோ கலந்தான்" என்ற உங்கள் சொற்கள் இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன. எதைக் கலந்தான், ஏன் கலந்தான் என்று அடுத்த முறை மருத்துவர் கேட்கும்போது வரும் விடைதான் முக்கியம்.

வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு நோய்களும் ஒரே தோற்றம் கொள்ளும் இடங்கள் இன்னும் உண்டு. உதடு அசைவது, கேட்கும் குரலுக்குப் பதில் சொல்வதாக இருக்கலாம். கெட்ட எண்ணத்தைப் போக்க மந்திரத்தை ஏழு முறை சொல்லி, எண்ணிக்கை தவறிவிட்டதென்று மறுபடி முதலிலிருந்து தொடங்குவதாகவும் இருக்கலாம். அறைக்குள் அடைந்து கிடப்பது, மனிதர்கள் மீதான சந்தேகத்தாலும் நேரும். வெளியே போய்விட்டு வந்தால் எல்லாவற்றையும் கழுவ வேண்டுமே என்ற மலைப்பாலும் நேரும். பத்து நாள் குளிக்காததை நீங்கள் மனச்சிதைவுக்கான சான்றாகவே எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். கடுமையான ஓ.சி.டி.யில் இது அடிக்கடி காணும் காட்சி. குளிக்கத் தொடங்கினால் மூன்று மணி நேரம் ஆகும், சோப்பு முறை தப்பினால் திரும்பத் தொடங்க வேண்டும் என்பதால் குளியலையே தவிர்த்துவிடுகிறார்கள். அழுக்குக்கு அஞ்சுகிறவரே அழுக்கு உடையில் உட்கார்ந்திருப்பார்.

குரல் கேட்பது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் தொழிலில் அவசர அவசரமாக, "காதுல குரல் கேக்குதா?" என்று ஒரே கேள்வியில் முடித்துக்கொள்ளும் பழக்கம் இருக்கிறது. இளைஞர்கள் "ஆமா" என்றுவிடுகிறார்கள். "உள்ள மைண்ட் வாய்ஸ் சொல்லிக்கிட்டே இருக்கு, அப்படிச் செய்யலைன்னா அம்மாவுக்கு ஏதாவது ஆயிடும்னு" என்பார்கள். விசாரித்தால் அது தம் எண்ணமே என்பதையும் ஒப்புக்கொள்வார்கள். அது ஓ.சி.டி. வெளியிலிருந்து, இன்னொருவரின் குரலாக, தன்னைப் பற்றிப் பேசுவதாகவோ கட்டளையிடுவதாகவோ கேட்டால் அது வேறு. அதேபோல் "என் மனசுல நினைக்கிறது அவங்களுக்குத் தெரிஞ்சிடுமோ" என்ற பயமும், "தெரிகிறது, அதனால்தான் சிரிக்கிறார்கள்" என்ற முடிவும் ஒன்றல்ல. இவற்றைப் பிரித்தறிய ஒரு மருத்துவர் அவரோடு தனியாக, பொறுமையாக, ஒன்றுக்கு மேற்பட்ட முறை பேச வேண்டும். மதுரை மருத்துவர் சில மாதங்கள் ஆகும் என்றதை நீங்கள் மழுப்பல் என்று எழுதியிருக்கிறீர்கள். என் பார்வையில் அது நேர்மையான பதில். அமெரிக்க வகைப்பாட்டின்படி நோயின் அடையாளங்கள் ஆறு மாதமாவது நீடித்தால்தான் மனச்சிதைவு என்ற பெயரைச் சூட்ட முடியும். உலக சுகாதார நிறுவனத்தின் பதினோராம் வகைப்பாடு ஒரு மாதம் என்கிறது. 19 வயதுப் பையனின் மேல் அந்தப் பெயரை எழுதுமுன் ஒரு மருத்துவர் தயங்குவது நல்ல மருத்துவம்.

ஒன்று முற்றி இன்னொன்றாகிறதா?

இல்லை. ஓ.சி.டி. பழுத்து மனச்சிதைவாக மாறும் நோயன்று. வாழ்நாளில் 100 பேரில் ஏறக்குறைய இருவருக்கு ஓ.சி.டி. வருகிறது, அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு மனச்சிதைவு ஒருநாளும் வருவதில்லை. ஆனால் இரண்டுக்கும் தொடர்பே இல்லை என்று சொல்வதும் சரியன்று. டென்மார்க்கில் 30 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மருத்துவப் பதிவேடுகளை வைத்துச் செய்யப்பட்டு 2014-இல் வெளியான ஆய்வு, முன்பே ஓ.சி.டி. கண்டறியப்பட்டவர்களுக்குப் பிற்காலத்தில் மனச்சிதைவு கண்டறியப்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ ஏழு மடங்கு என்று காட்டியது. ஏழு மடங்கு என்றதும் பதறாதீர்கள். எண்ணிக்கையில் மிகச் சிறிய ஒன்று ஏழு மடங்கானாலும் சிறியதாகவே இருக்கும். அதே ஆய்வில், மனச்சிதைவு வந்தவர்களில் முன்பு ஓ.சி.டி. இருந்ததாகப் பதிவானவர்கள் 100-க்கு மூவருக்கும் குறைவு. இரண்டு நோய்களும் சில மரபுக் கூறுகளைப் பகிர்ந்துகொள்வதும், இரண்டும் தலைகாட்டும் வயது பதின்பருவமும் இருபதுகளின் தொடக்கமும் என்பதும், மனச்சிதைவின் தொடக்க அடையாளங்கள் சிலரிடம் ஓ.சி.டி.யின் உருவில் வருவதும் இதற்குக் காரணங்களாகக் கருதப்படுகின்றன.

எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால் தொடர்பு இன்னும் தெளிவாகத் தெரியும். மனச்சிதைவு உள்ளவர்களில் சுமார் எட்டில் ஒருவருக்கு ஓ.சி.டி.யும் முழு அளவில் இருக்கிறது. அதன் சில அறிகுறிகள் மட்டும் இருப்பவர்களைச் சேர்த்தால் பத்தில் மூவர். உங்கள் மகனுக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கக்கூடும் என்ற மூன்றாவது சாத்தியத்தை நீங்கள் உங்கள் கேள்வியில் சேர்க்கவே இல்லை. அதையும் மனத்தில் வையுங்கள். சேர்ந்து இருந்தால் சிகிச்சை கடினம்தான். ஆனால் இரண்டையும் அடையாளம் கண்டு சிகிச்சை தருவதற்கும், ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு மற்றதை விட்டுவிடுவதற்கும் நடுவே மலையளவு வேறுபாடு உண்டு.

சொந்தத்தில் மணந்ததைப் பற்றி: அந்தக் குற்ற உணர்வை இறக்கிவையுங்கள். சித்தப்பாவுக்கு மனச்சிதைவு இருந்தால் அண்ணன் மகனுக்கு வரும் வாய்ப்பு 100-க்கு மூன்று நான்கு என்ற அளவில்தான். உறவுத் திருமணம் மரபுச் சுமையைச் சற்றுக் கூட்டலாம் என்றாலும், உங்கள் மகனின் நோய்க்கு உங்கள் கல்யாணம்தான் காரணம் என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. குடும்பத்தில் இந்த நோய் இருப்பதை மதுரை மருத்துவரிடம் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் திருத்த வேண்டும். அவருடைய முடிவுக்கு அது அவசியமான தகவல்.

ரிஸ்பெரிடோன் எதற்கு?

மருந்துச் சீட்டைப் பார்த்து நோயைக் கண்டுபிடிக்க முயன்றதில் வந்த துயரம் இது. ரிஸ்பெரிடோன், அரிபிப்ரசோல் போன்றவை மனச்சிதைவுக்கான மருந்துகள் என்பது உண்மை, ஆனால் ஓ.சி.டி. மட்டும் உள்ளவர்களுக்கும், ஃப்ளூயாக்செட்டின் போன்ற மருந்து போதிய பலன் தராதபோது, குறைந்த அளவில் இவற்றைத் துணைமருந்தாகச் சேர்ப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். அப்படிச் சேர்க்கப்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் குறிப்பிடத்தக்க பலன் கிடைக்கிறது. 1 மில்லிகிராம் ரிஸ்பெரிடோன் ஓ.சி.டி.க்கும் பொருந்தும், ஆரம்பநிலை மனப்பிறழ்வுக்கும் பொருந்தும். நோய் எது என்பது தெளிவாகாத கட்டத்தில் இரண்டுக்கும் உதவக்கூடிய ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறார் உங்கள் மருத்துவர்.

ஃப்ளூயாக்செட்டினை மூன்று வாரத்தில் நிறுத்தியதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது. மனச்சோர்வுக்குப் போதுமான 20 மில்லிகிராம் ஓ.சி.டி.க்குப் பெரும்பாலும் போதாது. 40 முதல் 80 வரை படிப்படியாகக் கூட்ட வேண்டியிருக்கும். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். மூன்று வாரத்தில் எடுத்த முடிவை வைத்து அந்த மருந்து பலிக்கவில்லை என்று கொள்ள முடியாது. எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை நாள் என்பதை ஒரு தாளில் எழுதி அடுத்த முறை எடுத்துச் செல்லுங்கள். இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: ஃப்ளூயாக்செட்டின், ரத்தத்தில் ரிஸ்பெரிடோனின் அளவைக் கூட்டக்கூடியது. கை நடுக்கம், உடல் விறைப்பு, ஓரிடத்தில் உட்கார முடியாமல் கால்களை ஆட்டிக்கொண்டே நடப்பது ஆகியவை தெரிந்தால் நோய் கூடிவிட்டது என்று நினைத்து வீட்டில் அளவைக் கூட்டிவிடாதீர்கள். அது பக்கவிளைவாக இருக்கலாம். மருத்துவரிடம் சொன்னால் எளிதில் சரிசெய்வார்.

உங்கள் கொழுந்தனாரின் கதை வேறு. காஸ் குமிழைத் திருகிப் பார்ப்பது அவருடைய நோயின் புதுக் கட்டமாக இருக்க வேண்டும் என்பதில்லை. அவர் சாப்பிடும் க்ளோசபினே அதைத் தூண்டியிருக்கலாம். மற்ற மருந்துகளுக்கு மசியாத மனச்சிதைவுக்கு க்ளோசபினுக்கு ஈடான மருந்து இன்றளவும் கிடையாது. ஆனால் அதைச் சாப்பிடுகிறவர்களில் கணிசமானவர்களுக்கு, மாதங்களோ ஆண்டுகளோ கழித்து, ஓ.சி.டி. போன்ற அறிகுறிகள் புதிதாகத் தோன்றுகின்றன. அதே வகை மருந்தான ஒலான்சபினிலும் இது சற்றுக் குறைவாகக் காணப்படுகிறது. இதற்கு வழிகள் இருக்கின்றன: ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்துச் சற்றுக் குறைப்பது, அரிபிப்ரசோல் சேர்ப்பது, ஓ.சி.டி.க்கான மருந்து ஒன்றைத் தேர்ந்து சேர்ப்பது. அந்தத் தேர்வில் எச்சரிக்கை வேண்டும். ஓ.சி.டி.க்குப் பெயர்பெற்ற ஃப்ளூவாக்சமின், க்ளோசபினின் அளவை ரத்தத்தில் பல மடங்கு உயர்த்திவிடும். ஆகவே உங்கள் மகனின் மாத்திரையில் ஒன்றைச் சித்தப்பாவுக்குக் கொடுத்துப் பார்ப்பது போன்ற காரியம் வேண்டவே வேண்டாம். க்ளோசபினைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. பழைய நோய் முன்னைவிட வேகமாகத் திரும்பக்கூடும். இந்தக் குமிழ் விஷயத்தை அவருடைய மருத்துவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்பது என் ஊகம். சொல்லுங்கள்.

ரசத்தில் கரைத்துக் கொடுக்கலாமா?

வேண்டாம், சகோதரி. உங்கள் தவிப்பு புரியாமல் சொல்லவில்லை. தண்ணீரில் எதையோ கலக்கிறார்கள் என்று அஞ்சும் பிள்ளைக்கு உணவில் மருந்தைக் கலந்து கொடுத்து, ஒருநாள் அவர் அதைக் கண்டுபிடித்துவிட்டால், அவருடைய சந்தேகத்தை நீங்களே மெய்யாக்கியதாகிவிடும். அதன்பின் உங்கள் கையால் சோறும் உண்ண மாட்டார். சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. 19 வயதானவர் சட்டப்படி வளர்ந்தவர். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன்படி, தன் சிகிச்சையைப் பற்றி முடிவெடுக்கும் திறன் தனக்கு இல்லை என்று காட்டப்படாதவரை முடிவெடுக்கும் உரிமை அவருடையது. தனக்காகப் பேச ஒருவரை நியமனப் பிரதிநிதியாக எழுதித்தர அவருக்கு உரிமை உண்டு. அவர் உங்களைத் தேர்ந்தெடுக்கலாம். நோய் முற்றி, தனக்கோ பிறருக்கோ தீங்கு நேரும் நிலையிலோ, தன்னைப் பராமரித்துக்கொள்ள இயலாத நிலையிலோ அவர் மருத்துவமனைக்கு வர மறுத்தால், அந்தச் சட்டத்தின் 89-ஆம் பிரிவின்கீழ் பிரதிநிதியின் விண்ணப்பத்தின் பேரில், இரு நிபுணர்கள் தனித்தனியே பரிசோதித்தபின் 30 நாள்வரை உள்நோயாளியாகச் சேர்க்க முடியும். அந்த வழி இருக்கிறது என்பதை அறிந்துவையுங்கள். இன்று அது தேவைப்படுவதாகத் தெரியவில்லை. மாத்திரை பெரிதாக இருப்பதோ, தூக்கம் தள்ளுவதோ, யாரோ வைத்தது என்ற பயமோ, எதனால் மறுக்கிறார் என்று கேட்டால் பல நேரங்களில் வழி பிறக்கிறது. உறையைப் பிரிக்காத பட்டையை அவர் கையிலேயே கொடுத்து, அவரே எடுக்கச் செய்து, மீதியை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளலாம். ரிஸ்பெரிடோன் திரவ வடிவிலும் கிடைக்கிறது. அவருக்குத் தெரிந்தே கொடுக்கலாம்.

குணசீலத்துக்குப் போவதில் எனக்கு மறுப்பில்லை. உங்களுக்கும் அவருக்கும் அது ஆறுதல் தருமென்றால் போய்வாருங்கள். மூன்று நிபந்தனைகள்: மாத்திரை ஒருவேளைகூட நிற்கக் கூடாது, 48 நாள் தங்குவதற்காக மருத்துவரைச் சந்திக்கும் நாள் தள்ளிப்போகக் கூடாது, எங்கும் எவரும் அவரைக் கட்டிவைக்கவோ அடிக்கவோ இடம் தரக் கூடாது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் மடிந்ததை நம் மாநிலம் மறக்கலாகாது. சங்கிலியால் கட்டுவதை 2017 சட்டம் அறவே தடைசெய்திருக்கிறது.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியவை

ஓ.சி.டி.க்கு மருந்தோடு தரப்படும் முக்கியமான உளச் சிகிச்சையில், அஞ்சும் பொருளை நெருங்கச் செய்து, கழுவும் செயலைத் தடுத்து நிறுத்தப் பழக்குவார்கள். பலன் நன்றாகத் தெரியும் முறை இது. ஆனால் சந்தேகங்கள் உச்சத்தில் இருக்கும் இப்போது அதை நீங்களாகத் தொடங்கிவிடாதீர்கள். குழாயை அடைப்பது, கையைப் பிடித்து இழுப்பது எல்லாம் இந்த நேரத்தில் தாக்குதலாகவே அவருக்குத் தோன்றும். முதலில் மனப்பிறழ்வு அறிகுறிகள் அடங்கட்டும். பிறகு பயிற்சி பெற்ற உளவியலாளர் வழிநடத்தட்டும்.

"தொடலைல?" என்ற கேள்விக்கு நீங்கள் ஒவ்வொரு முறையும் பதில் சொல்வது அன்பினால்தான். அது அந்த நிமிடம் நிம்மதி தந்து, அடுத்த கேள்விக்கு விதை போடுகிறது. உடனே நிறுத்த வேண்டாம். ஒருநாள் அவர் சற்றுத் தெளிவாக இருக்கும்போது, "ஒரு தடவை சொல்றேன், மறுபடி கேட்டா, உனக்குப் பதட்டமா இருக்குன்னு தெரியுது, நான் பக்கத்துல இருக்கேன்னு மட்டும் சொல்வேன்" என்று அவருடைய சம்மதத்தோடு குறைத்து வாருங்கள். பாட்டில், கேமரா விஷயத்தில் வாதாட வேண்டாம்; ஆமாம் போடவும் வேண்டாம். "உனக்கு அப்படித் தோணுறது பயமா இருக்கும், எனக்கு அப்படித் தெரியலை, டாக்டர்கிட்ட பேசுவோம்" என்ற அளவில் நில்லுங்கள். உங்கள் கணவர் கோபத்தில் கத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் ஏச்சும் குத்தலும் மிகுந்தால் மனச்சிதைவு மீண்டும் வரும் வாய்ப்பு கூடுகிறது என்பது பல நாடுகளில் உறுதிப்பட்ட செய்தி. அடுத்த முறை அவரையும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்காதது மருத்துவர் சொன்னால் காதில் ஏறக்கூடும்.

கஞ்சா பயன்படுத்தினாரா என்று மகனிடம் தனியாக, மிரட்டாமல் கேட்க வேண்டும். மருத்துவர் கேட்பது இன்னும் நல்லது. "எங்க பையன் அப்படியில்ல" என்று நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடாதீர்கள். மனப்பிறழ்வைத் தூண்டுவதில் அதற்குப் பங்குண்டு என்பதால்தான் இந்தக் கேள்வி. காய்ச்சல், வலிப்பு, திடீர்க் குழப்பம், ஞாபகத் தடுமாற்றம் இருந்திருந்தால் அதையும் சொல்லுங்கள்; மூளை ஸ்கேனும் சில ரத்தப் பரிசோதனைகளும் தேவைப்படும்.

படிப்பு

இப்போது நிரந்தரமாக நிறுத்த வேண்டியதில்லை. இந்தப் பருவத்தில் கட்டாயப்படுத்தி அனுப்பவும் வேண்டாம். அண்ணா பல்கலைக்கழக விதிகளில் அனுமதி பெற்ற படிப்பு இடைவெளிக்கு இடமுண்டு. மருத்துவச் சான்றோடு முதல்வர் வழியாக விண்ணப்பிக்கக் கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள். சான்றில் நோயின் பெயரை விரிவாக எழுத வேண்டியதில்லை. சிகிச்சையில் இருக்கிறார், இத்தனை நாள் ஓய்வு தேவை என்ற அளவே பெரும்பாலும் போதும். மருத்துவ விவரங்களின் இரகசியத்துக்கு 2017 சட்டத்தின் 23-ஆம் பிரிவு பாதுகாப்பளிக்கிறது. பின்னர் திரும்பும்போது, விடுதியில் தனியறை அல்லது வீட்டிலிருந்து போகக்கூடிய கல்லூரிக்கு மாறுதல் பற்றி யோசிக்கலாம். நோய் நீடித்தால், மனநோயையும் ஊனங்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கும் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்கீழ் தேர்வில் கூடுதல் நேரம் கோரவும் வழியுண்டு.

மாத்திரை வாழ்நாள் முழுக்கவா என்று கேட்டிருந்தீர்கள். ஓ.சி.டி. மட்டும் என்றால், நன்றாகத் தேறிய பிறகும் ஓராண்டு முதல் இரண்டாண்டு வரை தொடர்ந்து, மெல்லக் குறைத்துப் பார்ப்பது வழக்கம். முதல்முறை வந்த மனப்பிறழ்வு என்றாலும் ஏறக்குறைய அதே கால அளவுதான் தொடக்கத்தில் சொல்லப்படும். அதன்பின் அவருடைய நிலையைப் பார்த்து முடிவு செய்வார்கள். மனப்பிறழ்வுக்குச் சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நன்றாகத் தேறுகிறார்கள். நான்கு மாதத்தில் மருத்துவரிடம் அழைத்துச் சென்றிருக்கிறீர்கள். ஆண்டுக்கணக்கில் மறைத்து வைக்கும் குடும்பங்களைப் பார்க்கிற எனக்கு இது நம்பிக்கை தருகிறது. இரண்டாவது கருத்து வேண்டுமென்றால் சென்னை கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநல மருத்துவமனையும், மனச்சிதைவுக்கென்றே 1984-இல் தொடங்கப்பட்ட ஸ்கார்ஃப் அமைப்பும், பெங்களூர் நிம்ஹான்ஸில் ஓ.சி.டி.க்கெனத் தனிப் பிரிவும் இருக்கின்றன. ஆனால் மாதத்துக்கு ஒரு மருத்துவரை மாற்றாதீர்கள். இந்த நோய்களில், ஒரே மருத்துவர் ஆறு மாதம் தொடர்ந்து பார்ப்பதுதான் கண்டறிதலுக்கே வழி.

அடுத்த சந்திப்புக்குப் போகும்போது மகனின் பேச்சில் வந்த வாக்கியங்களை, உங்கள் விளக்கம் எதுவும் சேர்க்காமல், எனக்கு எழுதியதுபோல் அப்படியே தேதியிட்டு எழுதி எடுத்துச் செல்லுங்கள். தூங்கிய நேரம், குளித்த நாள், மாத்திரை தவறிய நாள் ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். முதல் பத்து நிமிடம் அவர் மருத்துவருடன் தனியாகப் பேசட்டும். நீங்கள் வெளியே காத்திருங்கள். நோயின் பெயரை அவரிடம் சொல்லலாமா என்று தயங்குகிறீர்கள். மருத்துவர் சொல்லட்டும், "உனக்கு ஓ.சி.டி. இருக்கிறது, அதோடு சில சந்தேகங்கள் வருகின்றன, அது என்னவென்று சேர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்று இன்று தெரிந்த அளவுக்குச் சொல்வதே சரியாக இருக்கும்.